ஈசிஜி தாளில் கண் முதலில் எங்கே போகிறது

அம்பாசமுத்திரத்தில் எடுத்த ஈசிஜி வாட்ஸ்அப்பில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர ஒரு நிமிஷம் ஆகாது. வாசிக்கிற கண்ணில்தான் வித்தியாசம் எல்லாம்.

புது ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி மருத்துவர்) பெரும்பாலும் தாளின் தலைமாட்டில் மெஷின் அடித்த வரியைத்தான் முதலில் படிப்பார். ‘நார்மல்’ என்றிருந்தால் கண் அங்கேயே சமாதானமாகிவிடும். கைதேர்ந்த இதய மருத்துவர் அதை விரலால் மறைத்துவிட்டு ஓரத்து அளவுக்குறியைத் தேடுவார்: 1 மில்லிவோல்ட்டுக்கு 10 மி.மீ. உயரம், நொடிக்கு 25 மி.மீ. வேகம். வேகம் 50 ஆக மாறியது தெரியாமல் எண்ணினால் 80 துடிப்பு 40 ஆகிவிடும். போட்டோவில் பலர் வெட்டிவிடுவதும் இந்த ஓரத்தைத்தான்!

அடுத்து லீட் 1 (லீட் என்பது இதயத்தை ஒரு கோணத்திலிருந்து பார்க்கும் பதிவு). அதில் எல்லா அலையும் கவிழ்ந்து, ஏவிஆர் என்ற லீட் நிமிர்ந்திருந்தால் கை வயர்கள் மாறியிருக்கலாம். இதயம் வலப்பக்கம் இருந்தாலும் அப்படித்தான் வரும். ஆனால் அப்போது மார்பில் ஒட்டும் வி1இலிருந்து வி6 போகப்போக ஆர் அலை (மேல்நோக்கிய கூர்முனை) வளராது, தேயும்.

வி1, வி2 நான்காம் விலா இடைவெளியில் இருக்க வேண்டும். அவசரத்தில் இரண்டாவதில் ஒட்டினால் ஆர் அலை சிறுத்து, பழைய மாரடைப்பு போலக் காட்டும். வி2இல் பி அலை (ஒவ்வொரு துடிப்பின் முதல் சிறு மேடு) கவிழ்ந்திருந்தால் இடத்தைச் சந்தேகப்பட்டு, திரும்ப எடுக்கச் சொல்வார்.

அனுபவம் அதிகம் பேசுவது கீழ்ச்சுவர் மாரடைப்பில். லீட் 3இல் எஸ்டி (கூர்முனையை அடுத்து வரும் கோடு) அரை மில்லிமீட்டர்தான் ஏறியிருக்கும். ‘1 மி.மீ. இல்லையே’ என்று புதியவர் விட்டுவிடுவார். தேர்ந்தவர் கண் ஏவிஎல் என்ற லீடுக்குத் தாவும். அங்கே எஸ்டி தாழ்ந்திருந்தால் ஆளை வீட்டுக்கு அனுப்பமாட்டார்; 10, 15 நிமிஷத்தில் அடுத்த ஈசிஜி. கூடவே வலது மார்பில் வி4ஆர். வலது கீழறையும் அடிபட்டிருந்தால் நெஞ்சுவலிக்கு நாக்குக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை பிரஷரைச் சட்டென்று இறக்கிவிடும். வி1 முதல் வி3 வரை எஸ்டி தாழ்வு மட்டும் இருந்தால் முதுகில் வி7, வி8, வி9.

ஆனால் அனுபவமும் சறுக்கும். ‘வாய்வுப் பிடிப்பு, சுக்குக் கஷாயம் குடிச்சாரு’ என்ற கதையோடு வந்த தாளில் மெல்லிய ஏற்றத்தை அதே நிபுணர் கவனிக்காமல் போகலாம். கதை கேட்குமுன் ஒருமுறை, கேட்டபின் ஒருமுறை பார்ப்பதே சரி என்பேன்.

இளவயது ஆண்களுக்கு எஸ்டி இயல்பாகவே சற்று ஏறியிருப்பதுண்டு. அங்கே பழைய ஈசிஜி இருந்தால் பாதிக் குழப்பம் தீரும். தெர்மல் தாள் நம்மூர் வெக்கையில் வெளுத்துப்போகும். எடுத்த அன்றே ஜெராக்ஸ் போட்டு வையுங்கள்.