தண்ணீர் டேங்க் மேல் வல்லூறு

காலையில் அம்மா சொல்லி வடாம் காயப்போட மாடிக்குப் போனேன். கைப்பிடிச் சுவரில் ஒரு புறாகூட இல்லை. ராயபுரத்தில் இது நடக்காத காரியம். முருங்கை மரத்து அணில் மட்டும் வாலைத் தூக்கித் தூக்கி, மூச்சுவிடாமல் கத்திக்கொண்டிருந்தது.

திரும்பினால் டேங்க் மேல் வல்லூறு. புறா அளவுதான் இருக்கும். சாம்பல் முதுகு, மார்பில் செம்பழுப்புப் பட்டைகள், காலடியில் பாதி தின்ற ஓணான். கண் நல்ல சிவப்பு, அதனால் ஆண்தான். பெண்ணுக்குக் கண் மஞ்சளாக இருக்கும், உடம்பும் கொஞ்சம் பெரிது.

என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. ஓணானைக் கிழிப்பதும் நிமிர்ந்து பார்ப்பதுமாக இருந்தது. பத்து நிமிடம் நின்றேன். கையில் மாவு காய்ந்து இறுகிவிட்டது. பிறகு இரண்டு காக்கைகள் வந்து விரட்ட, மிச்ச ஓணானோடு தாழப் பறந்து சந்துக்குள் மறைந்தது.

காசிமேட்டில் பருந்துகளைச் சிறுவயதிலிருந்தே பார்க்கிறேன். கவட்டை வால் என்றால் கரும்பருந்து, வட்ட வால், வெள்ளைத் தலை என்றால் செம்பருந்து. இரண்டாவதைக் கண்டால் ஆயா 'கருடா' என்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள். முதலாவதற்கு அந்த மரியாதை கிடையாது, மீன் திருடியாம். கருடன் திருடும் மீன் மட்டும் பிரசாதமா ஆயா?

வடாமை மத்தியானம் அந்த அணிலே தின்றுவிட்டது.