லுக் ஆஃப்டர், லுக் இன்டு, லுக் அப்

ஆங்கிலத்தில் ஒரு வினையோடு 'அப்', 'ஆஃப்' மாதிரி சின்னச் சொல் சேர்ந்து புதுப் பொருள் தருமே, அந்த ஃபிரேசல் வெர்ப்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. 'லுக்' ஒன்றையே எடுங்கள். ஆஃப்டர் சேர்ந்தால் கவனித்துக்கொள்வது, இன்டு சேர்ந்தால் விசாரிப்பது, அப் சேர்ந்தால் அகராதியில் தேடுவது. வரிசையாகப் படித்தால் குழம்பத்தான் செய்யும். (1755இல் வந்த தன் அகராதியின் முன்னுரையிலேயே, வெளிநாட்டவருக்கு இவைதான் பெரும் சிரமம் என்று சாமுவேல் ஜான்சன் எழுதிவிட்டார்.)

ஆனால் நமக்கு இது அந்நியமும் இல்லை. 'பார்' வேறு, 'பார்த்துக்கொள்' வேறு. 'சாப்பிடு', 'சாப்பிட்டுவிடு' வித்தியாசத்தை யாரும் விதி போட்டுச் சொல்லித்தரவில்லை. 'ஈட் அப்', 'யூஸ் அப்' இரண்டிலும் அந்த 'அப்' செய்வது ஏறக்குறைய நம் 'விடு' செய்கிற வேலைதான்: மிச்சம் வைக்காமல் முடிப்பது.

உண்மையான சிக்கல் 'இட்' வரும்போதுதான். 'டர்ன் ஆஃப் த லைட்', 'டர்ன் த லைட் ஆஃப்' இரண்டும் சரி. 'இட்' வந்துவிட்டால் 'டர்ன் இட் ஆஃப்' மட்டும்தான். 'டர்ன் ஆஃப் இட்' தப்பு. 'லுக் ஆஃப்டர்' மாதிரி சிலதோ பிரியவே பிரியாது. அதனால் வினையைத் தனியாக எழுதி வைக்காமல், 'இட்' போட்ட முழு வாக்கியமாக எழுதி வையுங்கள்.

அப்புறம், நண்பர்களிடம் பேசும்போது, தள்ளிப்போடுவதைச் சொல்ல 'போஸ்ட்போன்' வேண்டாம். 'புட் ஆஃப்' போதும்.