ஒரு பழைய வேட்டி, ஒரு கிலோ கேழ்வரகு

கைக்குழந்தை உள்ள வீட்டில் மாதாமாதம் பணம் கரையும் இடங்களில் இரண்டை நம்மால் பாதியாகக் குறைக்க முடியும். ஒன்று டயப்பர், இன்னொன்று டப்பாவில் வரும் குழந்தை உணவு. டயப்பருக்கு மாற்று பீரோவின் அடித்தட்டில் இருக்கிறது, உணவுக்கு மாற்று மளிகைக் கடையில் இருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்தே வேலை செய்யும். கேழ்வரகை முளைகட்டவும், பால் பிழியவும், அரைத்த மாவை ஆறவைக்கவும், அடை தட்டவும் அதே வேட்டித் துணிதான் வேண்டும்.

முதலில் வேட்டி. பல வருடம் கட்டித் துவைத்த எட்டு முழப் பருத்தி வேட்டியைவிடக் குழந்தையின் தோலுக்கு இதமான துணி கடையில் கிடைக்காது. சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி, இழை மெத்தென்று ஆகியிருக்கும். ஆனால் எல்லா வெள்ளை வேட்டியும் பருத்தி இல்லை. ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியாக மணிபோல் உருண்டு நிற்கும். அது ஈரம் உறிஞ்சாது. வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட முக்கியமான சோதனை மூக்கால் செய்வது. பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்த வேட்டியைக் கைக்குழந்தைக்கு எடுக்கவே வேண்டாம். அந்துருண்டையில் உள்ள நாப்தலின் துணியில் ஏறியிருக்கும். அது மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு இதனால் சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள் காமாலை வரலாம். தன் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறதா என்பது பெரும்பாலான வீடுகளில் தெரியாது. ஒருமுறை துவைத்தால் வாடை போய்விடும் என்று நம்பி எடுக்காதீர்கள். அன்றாடம் கட்டி, கொடியில் காய்ந்த வேட்டியே போதும்.

கஞ்சியும் சொட்டுநீலமும் போக வெந்நீரில் இரண்டு முறை அலசி, பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, வெயிலில் காயப்போடுங்கள். காய்ந்ததும் வெளிச்சத்தில் விரித்துப் பிடியுங்கள். உட்காரும் இடமும், எப்போதும் மடிக்கும் கோடும் சல்லடைபோல் தெரியும். அந்த இடங்களை இரண்டு கையால் இழுத்தால் சட்டென்று கிழியும். அவற்றை ஒதுக்கிவிட்டு மற்ற பகுதியில் வெட்டுங்கள். இந்தக் காரணத்தால்தான் பழைய வேட்டியில் தூளி கட்டவே கூடாது. எடை தாங்கும் வேலைக்கு நல்ல பலமான பருத்திச் சேலை வேண்டும்.

எட்டு முழ வேட்டி ஏறக்குறைய 360 செ.மீ. நீளமும் 125 செ.மீ. அகலமும் இருக்கும். இரண்டு பக்கக் கரையையும் எடுத்துவிட்டால் 120 செ.மீ. அகலம் மிஞ்சும். 60 செ.மீ. சதுரமாக வெட்டினால் அகலத்தில் இரண்டு, நீளத்தில் ஆறு, மொத்தம் பன்னிரண்டு துண்டு. நைந்த பகுதிக்குப் போக, நல்ல வேட்டியில் பத்துக்குக் குறையாது. கரையைத் தனியே எடுப்பதற்குக் காரணம் உண்டு. ஜரிகைக் கரை இடுப்பிலும் தொடையிலும் உராய்ந்தால் குழந்தைக்குச் சிவந்துவிடும். எடுத்த கரை வீணாகாது, முளைமூட்டை கட்டவும் தொங்கவிடவும் அதைவிட நல்ல நாடா இல்லை.

அளந்து பென்சில் கோடு போட்டு வெட்டுகிறவர்களின் துண்டுகள் நாலு சலவைக்குப்பின் கோணிக்கொள்ளும். கோடு இழையோடு போகாததே காரணம். ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு வையுங்கள். அங்கிருந்து ஒரே ஒரு குறுக்கிழையை ஊசி முனையால் கிளப்பி, துணியைச் சுருக்கிச் சுருக்கி மெதுவாக உருவுங்கள். அறுந்தால் அறுந்த இடத்திலிருந்து மறுபடி பிடியுங்கள். இழை போன இடத்தில் மெல்லிய கோடு ஒன்று தெரியும், அதன்மேல் வெட்டினால் சதுரம் சதுரமாகவே நிற்கும். ஓரத்தை அரை செ.மீ. அளவில் இரண்டு மடிப்பு மடித்து ஓட்டுத் தையல் போடுங்கள். ஒற்றை மடிப்பில் விட்டால் பிசிறு வெளியே வந்து குழந்தையின் கால்விரலில் சுற்றிக்கொள்ளும். விரலில் நூல் சுற்றி இறுகுவது சின்ன விஷயமில்லை.

இந்த இடத்தில் ஒரு விதியைக் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அடுக்களைக்குப் போகும் நாலு துண்டுகளுக்குச் சிவப்பு நூலால் ஓரம் தையுங்கள், இடுப்பில் கட்டும் துண்டுகளுக்கு வெள்ளை நூல். துவைக்கும் வாளி முதல் காயும் கொடி வரை இரண்டும் தனித்தனி. தூக்கக் கலக்கத்தில் துணி மடிக்கும் வீட்டில் நூலின் நிறம்தான் காவல்.

இடுப்புத்துணியை முக்கோணமாக மடித்து, கீழ்முனையை மேலே கொண்டுவந்து, இரண்டு பக்க முனைகளையும் அதன்மேல் முடியுங்கள். ஊக்கு வேண்டாம். எட்டுத் துண்டு ஒரு நாளைக்குப் போதாது, பிறந்த குழந்தை அதற்குமேல் நனைக்கும். இரண்டு வேட்டி வெட்டினால் நிம்மதி. இரவுக்கு மட்டும் டயப்பர் போட்டால் குற்றமில்லை, பகல் முழுக்கத் துணி கட்டினாலே செலவு கணிசமாகக் குறையும். மலம் பட்டதைப் பச்சைத் தண்ணீரில் முதலில் அலசுங்கள். எடுத்த எடுப்பில் வெந்நீர் ஊற்றினால் கறை துணியிலேயே தங்கிவிடும். வாசனைக்காகப் போடும் துணி மென்மையாக்கி இழைமேல் படலமாகப் படிந்து உறிஞ்சும் தன்மையைக் குறைக்கும், அதைத் தவிருங்கள். மழைக்காலத்தில் அரை ஈரத்தோடு கட்டுவதைவிட, இரண்டு பக்கமும் இஸ்திரி போட்டு உலர்த்திக் கட்டுவது மேல்.

இனி கேழ்வரகு. சில ஊர்களில் கேப்பை. 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ள தானியம் இது. அரிசியிலும் கோதுமையிலும் இதில் சிறு பங்குதான் உண்டு. நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023-ல் ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கொடுக்கத் தொடங்கினார்கள். மற்ற ஊர்களில் மளிகைக் கடையில் உதிரியாகவே வாங்கலாம்.

ஒரு கிலோ முழுவதையும் முளைகட்டாதீர்கள். 700 கிராம் முளைக்கு, 300 கிராம் அப்படியே. காரணம் பின்னால் வருகிறது. கேழ்வரகில் கலந்த கல் கேழ்வரகு அளவிலேயே இருப்பதால் கண்ணால் பொறுக்க முடியாது, அரிக்கத்தான் வேண்டும். அகன்ற பாத்திரத்தில் தண்ணீரோடு சுழற்றி, மேலே மிதந்து வரும் தானியத்தை மட்டும் இன்னொரு பாத்திரத்துக்குச் சாய்த்துக்கொண்டே வந்தால் கல் அடியில் தங்கும். மூன்று முறை செய்யுங்கள்.

இரவு ஊறவைத்து, நடுவில் ஒருமுறை தண்ணீர் மாற்றி, காலையில் முழுக்க வடித்து, சிவப்பு ஓரத் துணியில் தளர்வாகக் கட்டித் தொங்கவிடுங்கள். இறுக்கிக் கட்டினால் நடுவில் காற்றுப் போகாமல் சூடேறிப் புளித்துவிடும். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து, மூட்டையை ஒருமுறை புரட்டிப் போடுங்கள். கோடையில் ஒரு நாளில் முளை தெரியும், மார்கழியில் இரண்டு நாள் ஆகும். வெள்ளை முளை அரை செ.மீ. நீளம் வந்தால் நிறுத்திவிடலாம். அதற்குமேல் விட்டால் கசக்கும். புளித்த வாடை வந்தாலோ, விரலில் வழுவழுப்பு ஒட்டினாலோ, பஞ்சுபோல் பூஞ்சை தெரிந்தாலோ மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். கழுவிப் பயன்படுத்தும் யோசனையே வேண்டாம்.

இரண்டு நாள் நல்ல வெயிலில் காய வேண்டும். பல்லில் கடித்தால் ‘கடுக்’ என்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். காய்ந்ததை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே தேய்த்தால் முளை உதிரும். புடைத்து எடுங்கள். வாசனை வரும் அளவுக்கு லேசாக வறுத்தால் போதும், சிவக்க வறுக்காதீர்கள்.

முளைக்கும்போது தானியத்துக்குள் அமைலேஸ் என்ற நொதி உருவாகிறது. கஞ்சியைக் கெட்டியாக்கும் மாவுச்சத்தை அது உடைத்துவிடும். கூடவே, இரும்பையும் கால்சியத்தையும் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் கொஞ்சம் குறையும். சிவக்க வறுத்தால் அந்த நொதி செத்துவிடும், முளைகட்டிய பாடு பாதி வீண்.

மில்லுக்குக் காலையில் முதல் ஆளாகப் போங்கள். மிளகாய் அரைத்த கல்லில் குழந்தை மாவை அரைக்கக் கூடாது. சந்தேகமாக இருந்தால் ஒரு கைப்பிடி அரிசியை முதலில் ஓட்டி, அந்த மாவைத் தனியே வாங்கிக்கொள்ளுங்கள். முளைத்ததையும் முளைக்காததையும் வேறுவேறு பாத்திரத்தில் வாங்குங்கள். மாவு சூடாக இறங்கும். அந்தச் சூட்டோடு டப்பாவில் அடைத்து மூடினால் மூடியின் உட்புறம் வியர்த்து, மாவு கட்டிப்பட்டு, வண்டு வைக்கும். வீட்டுக்கு வந்ததும் காய்ந்த வேட்டித் துணியில் விரலளவு கனத்துக்குப் பரப்பி, நன்றாக ஆறியபின் சலித்து அடையுங்கள். செய்தித்தாளில் பரப்ப வேண்டாம், மை ஒட்டும்.

இருபது, இருபத்தைந்து பொருள் சேர்த்த சத்துமாவு என்று பலர் அரைக்கிறார்கள். குழந்தைக்கு அது வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஒன்று, தோல் தடித்தாலோ வயிறு கெட்டாலோ எந்தப் பொருளால் என்று கண்டுபிடிக்க முடியாது. இரண்டு, முந்திரி, பாதாம், நிலக்கடலையில் உள்ள எண்ணெய் பொடியானதும் சில வாரத்தில் காறிப்போய், மொத்த மாவையும் கெடுக்கும். கேழ்வரகு ஒரு டப்பா, வறுத்த பாசிப்பருப்பு மாவு ஒரு டப்பா, இது போதும். சமைக்கும்போது நாலு பங்குக்கு ஒரு பங்கு சேர்த்தால் தானியத்தில் குறையும் லைசின் என்ற புரதக் கூறு பருப்பிலிருந்து கிடைத்துவிடும். நிலக்கடலை வேண்டுமானால் அன்றைக்கு வறுத்து, அன்றைக்கே நைசாகப் பொடித்து அரை ஸ்பூன். சுருங்கியது, கறுத்தது, கசப்பது எல்லாம் குப்பைக்கு. பூஞ்சை நச்சு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அங்கன்வாடியில் தரும் இணை உணவு மாவையும் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் வெல்லம் சேர்ந்திருக்கும் என்பதால் ஒரு வயதுக்குமேல் கொடுக்கலாம், பெரியவர்களும் சாப்பிடலாம்.

ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும். அதன்பின் முதல் சில வாரம் கேழ்வரகுப் பால் கொடுக்கலாம். முளைகட்டிய தானியத்தை அரைத்து, வேட்டித் துணியில் ஊற்றி முறுக்கிப் பிழிந்து, அடுப்பில் கிளறிக் காய்ச்சுவது. ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். கேழ்வரகின் கால்சியத்தில் கணிசமான பகுதி மேல்தோலில் இருக்கிறது, துணியில் தங்கும் சக்கையோடு அதுவும் போகிறது. அந்தச் சில வாரம் முடிந்ததும் சலித்த மாவுக் கஞ்சிக்கு மாறுங்கள்.

முளைகட்டாத மாவு ஒரு மேசைக்கரண்டி, சுமார் 10 கிராம். 120 மி.லி. பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்தபின் அடுப்பில் ஏற்றுங்கள். கொதிக்கும் தண்ணீரில் மாவைத் தூவினால் வெளியே வெந்து உள்ளே பச்சையாக உருண்டை நிற்கும். சிறு தீயில் ஏழெட்டு நிமிடம், பளபளப்பு வரும் வரை கிளறுங்கள். இதற்குமேல் மாவு கூட்டினால் கஞ்சி களியாகி, குழந்தை துப்பும். துப்புகிறதே என்று தண்ணீர் ஊற்றினால் அந்தச் சின்ன வயிறு தண்ணீரால் நிறைந்துவிடும். இந்தச் சிக்கலை முளைமாவு தீர்க்கும். இரண்டு மேசைக்கரண்டி மாவில் கெட்டியாகக் கிண்டி இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலே இருக்கும்போது அரை ஸ்பூன் முளைமாவைக் கலந்து கிளறுங்கள். சில நிமிடத்தில் கண்ணெதிரே இளகி ஓடும். மறுபடி இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு ஆற்றுங்கள். ஏறக்குறைய அதே நெகிழ்வு, இரட்டிப்பு மாவு. அரை ஸ்பூன் நெய் சேருங்கள். ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை, வெல்லம் வேண்டாம். தேன் கூடவே கூடாது. கேழ்வரகின் இரும்பு உடம்பில் குறைவாகவே சேரும், ஆகவே மசித்த பருப்பு, கீரை, முட்டை எல்லாம் சாப்பாட்டில் வரட்டும். எடை குறைவாகவோ, மாதம் முந்தியோ பிறந்த குழந்தை என்றால் அளவை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

அந்த 300 கிராமில் குழந்தைக் கஞ்சிக்குப் போக மீதி பெரியவர்களுக்கு. முளைமாவில் களி கிண்டப் பார்த்தால் திரளாது, கூழாக ஓடும், அதே நொதிதான் காரணம். களிக்கும் அடைக்கும் சாதா மாவுதான் சரி.

அடைக்கு இரண்டு தம்ளர் மாவு, ஒரு பெரிய கைப்பிடி முருங்கைக்கீரை, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு. கேழ்வரகில் கோதுமைபோல் இழுபடும் பசை இல்லாததால் பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் அடை விண்டுபோகும். கொதித்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கரண்டிக் காம்பால் கிளறி, கை தாங்கும் சூட்டில் பிசையுங்கள். பத்து நிமிடம் மூடி வையுங்கள். சிவப்பு ஓரத் துணியை நனைத்துப் பிழிந்து பலகையில் விரித்து, எலுமிச்சை அளவு உருண்டைகளை ஈரக் கையால் தட்டுங்கள். துணியோடு தூக்கி, அடைப் பக்கம் தோசைக்கல்லில் படும்படி கவிழ்த்து, ஒரு நொடி விட்டு, துணியை ஓரத்திலிருந்து உரித்தெடுங்கள். நடுவிலிருந்து இழுத்தால் கிழியும். சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொண்டால் கீரையின் இரும்பு உடம்பில் சேரும். டீயை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். தட்டிய துணியை அப்போதே அலசிவிடுங்கள். மாவு இழைக்குள் காய்ந்துவிட்டால் அடுத்த முறை அடை துணியைவிட்டு வராது.