ஹூபர் எப்போது ஹூவர் ஆனார்?

என் மாமியார் வீட்டு நன்றியறிதல் நாள் விருந்தில் வான்கோழி வெட்டும்போது இரண்டு கதைகள் தவறாமல் வரும். ஒன்று, "நாங்கள் அதிபர் ஹெர்பர்ட் ஹூவரின் வம்சம்" (1929இல் அமெரிக்க அதிபராக இருந்தவர்). இன்னொன்று, ஹூபர் என்ற நல்ல ஜெர்மன் பெயரை நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையத்தில் எவனோ ஒரு குமாஸ்தா ஹூவர் என்று கெடுத்துவிட்டான் என்பது. பெயருக்கு முன்னால் அப்பாவின் ஒற்றை எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு வளர்ந்தவள் நான். தலைமுறை தலைமுறையாக ஒரே பெயரைத் தூக்கிக்கொண்டு நடப்பது எனக்குப் புதிது. மகளுக்குப் பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொன்னார்கள். சரி, பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். இரண்டு வாரத்தில் முடியும் என்று நினைத்த வேலை இரண்டு வருடம் இழுத்தது.

எல்லிஸ் தீவுக் கதை முதல் நாளே செத்தது. அந்த நிலையம் திறந்தது 1892இல். பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் பக்கம் இவர்கள் குடும்பக் கல்லறைக் கற்கள் அதற்கு நூறு வருடம் முந்தியவை. தவிர, அங்கே இருந்த அதிகாரிகள் யாருக்கும் பெயர் வைக்கவில்லை. கப்பல் புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதி வந்த பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான்.

நம்மிடமிருந்து பின்னோக்கித்தான் போக வேண்டும், மேலே இருந்து கீழே வரக் கூடாது. 1850 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரைக்கும் சுலபம், வீட்டில் உள்ள எல்லோர் பெயரும் இருக்கும். அதற்கு முந்தைய கணக்கெடுப்புகளில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. அங்கிருந்து உயில், நிலப் பத்திரம், கல்லறை என்று அலைய வேண்டியதுதான்.

கல்லறையில்தான் விஷயம் பிடிபட ஆரம்பித்தது. தாத்தா, மகன், பேரன் என மூன்று கற்கள். முதல் இரண்டும் ஜெர்மன் மொழியில், ஹூபர் என்று. பேரனுடையது ஆங்கிலத்தில், ஹூவர் என்று. ஆனால் அந்த நடு ஆளின் நிலப் பத்திரத்தில் அவரும் ஹூவர்தான்! சர்ச்சுக்கு ஒரு பெயர், கோர்ட்டுக்கு ஒரு பெயர். அவருக்கு அது ஒரு பிரச்சினையாகவே இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

காரணம் பேச்சில் இருக்கிறது. தென்மேற்கு ஜெர்மனியின் ஃபால்ட்ஸ், கிரைஷ்காவ் பக்கத்துப் பேச்சில் இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே வரும் 'ப' ஒலி 'வ' என்று நழுவிவிடும். 'ஆனால்' என்று பொருள்படும் 'ஆபர்' அங்கே 'அவ்வர்'. ஆக, ஹூபர் தன் பெயரைச் சொன்னதே 'ஹூவர்' என்றுதான். கேட்ட ஆங்கிலேயர் கேட்டபடி எழுதினார். பாவம், எந்தக் குமாஸ்தாவும் எதையும் கெடுக்கவில்லை.

அடுத்தது கப்பல். 1727 முதல் பிலடெல்ஃபியாவில் இறங்கும் ஜெர்மானிய ஆண்கள், 16 வயதுக்கு மேற்பட்டவர்கள், பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்துக் கையெழுத்திட வேண்டும் என்று விதி. ராட்டர்டாமில் ஏறி, இங்கிலாந்தில் சுங்கம் முடித்து, அட்லாண்டிக்கைத் தாண்டி வந்தவர்களின் கையெழுத்துகள் அப்படியே மிஞ்சியிருக்கின்றன. கப்பல் தலைவரின் பட்டியல் காதில் விழுந்ததை எழுதியது. பிரமாணப் பட்டியல்கள் வந்தவர்களே கையெழுத்திட்டவை. எழுதத் தெரியாதவர் ஒரு குறி போட்டால், பக்கத்தில் குமாஸ்தா பெயர் எழுதினார். பெண்கள் பிரமாணம் எடுக்கவில்லை, அதனால் அந்தத் தாள்களில் அவர்கள் இல்லவே இல்லை.

இங்கேதான் நான் நான்கு மாதம் வீணாக்கினேன். முதலில் கப்பலேறி வந்த முன்னோரான எங்கள் ஆளின் பெயரிலேயே இன்னொரு ஹூபர் வேறொரு கப்பலில் வந்திருந்தார், நான் அவர் பின்னால் போய்விட்டேன். ஜெர்மானியப் பையன்களில் பாதிப் பேருக்கு முதல் பெயர் யோஹான், கூப்பிடுவது இரண்டாவது பெயரை வைத்து. அது புரியாமல் அண்ணன் தம்பியை ஒரே ஆளாக்கி, ஒரே ஆளை இருவராக்கி, ஏகக் குழப்பம். கடைசியில் காப்பாற்றியது குழந்தைகளின் ஞானஸ்நானச் சாட்சிகள். பென்சில்வேனியாவில் இவர்கள் வீட்டுக் குழந்தைகளுக்குச் சாட்சி நின்ற இரண்டு பேரும் ஒரே கப்பலில் வந்திருந்தார்கள். அதே தாளில் எங்கள் ஆளும் இருந்தார், சொந்தக் கையால் ஹூபர் என்று எழுதியிருந்தார். அந்த 'ப'வை நான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

அந்தச் சாட்சிகளில் ஒருவர் குடும்பம் கிரைஷ்காவில் ஸின்ஸ்ஹைம் அருகே ஒரு கிராமம் என்று ஏற்கெனவே தெரிந்திருந்தது. அந்த ஊர்ப் புராட்டஸ்டண்ட் பதிவேட்டை ஆர்கியோன் தளத்தில் பணம் கட்டிப் பார்க்கலாம். பார்ப்பது வேறு, படிப்பது வேறு. குர்ரெண்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்து முறையில் 'ந'வுக்கான எழுத்தும் 'எ'க்கான எழுத்தும் இரட்டைப் பிள்ளைகள். 'உ'வின் தலையில் ஒரு சுழி உண்டு, அது விட்டுப்போனால் அதுவும் 'ந'தான். யாரோ தயாரித்த அட்டவணையில் ஹூபர் வேறு ஏதோ பெயராகக் கிடந்தார். பெண்கள் பெயரோடு ஒரு 'இன்' ஒட்டும்: ஹூபரின். அவளை வேறு குடும்பம் என்று நான் தள்ளிவைத்திருந்தேன். ஒரு மாதம் தினமும் அரை மணி நேரம் அந்த எழுத்தை நானே எழுதிப் பழகினேன். அதற்குப் பிறகுதான் கண் திறந்தது. அட்டவணையை நம்பாதீர்கள், பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள்.

புரட்டியபோது ஒரு திருமணப் பதிவில் போதகர் எழுதியிருந்தார்: மணமகன் சுவிட்சர்லாந்தின் சூரிச் பகுதியைச் சேர்ந்தவர். அட! யோசித்தால் அது அதிசயமே இல்லை. 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் அந்தப் பகுதி ஊர் ஊராகக் காலியாகியிருந்தது. உழ ஆள் இல்லை. சுவிட்சர்லாந்தில் ஆள் அதிகம், நிலம் குறைவு. சாரிசாரியாக வடக்கே வந்தார்கள். சூரிச் போதகர்கள் 1634 முதல் வீடுவாரியாக எழுதிய பட்டியல்களில் வெளியூர் போனவர்களையும் குறித்தார்கள். அங்கே எங்கள் ஆளின் தாத்தா கிடைத்தார். பெயருக்கு நேராக, 'ஃபால்ட்ஸில்'.

அதிபர் உறவுக்கு வருவோம். 'ஹூபே' என்பது ஒரு குடும்பம் உழுது பிழைக்கப் போதுமான நிலம், நம் 'வேலி' போல ஒரு கணக்கு. அதை வைத்திருந்தவன் ஹூபர். ஊருக்கு ஊர் ஒரு ஹூபர் இருந்திருப்பான், ஒருவனுக்கொருவன் சொந்தமாக வேண்டியதில்லை. அதிபரின் முன்னோரான அந்திரேயாஸ் ஹூபர் ஃபால்ட்ஸின் எல்லர்ஷ்டாட்டிலிருந்து 1738இல் வந்து, பிறகு வட கரோலினாவுக்குப் போனவர். இவர்கள் கிரைஷ்காவ், வேறு கப்பல், லான்காஸ்டரை விட்டு நகராதவர்கள். இரண்டு கோடும் எங்கேயும் தொடவில்லை.

விருந்தன்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். மாமியார் முதலில் கேட்டது, "அப்போது நாங்கள் ஜெர்மானியரே இல்லையா?" என்று. அப்புறம் கப்பல் தாளில் இருந்த அந்தக் கையெழுத்தின் நகலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"போகட்டும். இனி 1929 பொருளாதார வீழ்ச்சிக்கு யாரும் எங்களைத் திட்ட முடியாது" என்று சொல்லிவிட்டுப் 'பூசணி பை' என்ற இனிப்பை வெட்டப் போனார்.