ஆறாயிரம் பாட்டுக்கு ஒரு பேப்பர் பட்டியல்

அப்பாவுக்கு போனில் விரலால் தள்ளித் தள்ளிப் பாட்டுத் தேடுவது பிடிக்காது. "என்னென்ன இருக்குன்னு ஒரு பேப்பர்ல அடிச்சுக் குடேன், பார்த்துச் சொல்றேன்" என்றார். ஹார்டு டிஸ்கில் 6,240 பாட்டுகள். ஒரு மணி நேர வேலை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

முதலில் சோம்பேறி வழி. கமாண்ட் ப்ராம்ப்ட்டில் (விண்டோஸில் கட்டளைகளை அடிக்கும் கருப்புத் திரை) 'டிர்' கட்டளை போட்டு, ஃபோல்டரில் உள்ள ஃபைல் பெயர்களை எல்லாம் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் கொட்டினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் தமிழில் பெயர் வைத்திருந்தவை எல்லாம் கேள்விக்குறிகளாக வந்து நின்றன. ஆங்கிலப் பெயர்களும் லட்சணமாக இல்லை: 'டிராக் 01', 'டிராக் 02' என்றே சில நூறு. சிடியிலிருந்து ஏற்றிய காலத்தில் பெயர் மாற்றச் சோம்பல்பட்டதற்குப் பலன்.

சரி, ஃபைல் பெயரை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் டேக்கை எடுப்போம் என்று முடிவு செய்தேன். எம்பி3 ஃபைலுக்குள்ளேயே பாட்டு, பாடியவர், ஆல்பம், வருடம் எல்லாம் எழுதிவைக்க இடம் உண்டு. ஐடி3 டேக் என்பார்கள். எம்பி3டேக் என்ற மென்பொருளில் ஃபோல்டரைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எக்ஸ்போர்ட் கொடுத்தால் சிஎஸ்வி ஃபைலாக, அதாவது அட்டவணையாகத் திறக்கக்கூடிய டெக்ஸ்ட் ஃபைலாகத் தந்துவிடுகிறது.

தந்ததைப் பார்த்த பிறகுதான் உண்மையான வேலை தெரிந்தது. பழைய பாட்டுகளில் பல தலைப்புகள் பாதிச் சொல்லில் அறுந்து நின்றன. எண்ணிப் பார்த்தால் எல்லாம் சரியாக முப்பதாவது எழுத்தில். பழைய ஐடி3 டேக் என்பது ஃபைலின் வால் பகுதியில் இருக்கும் வெறும் 128 பைட். ஒரு ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். அதில் தலைப்புக்கு 30, பாடியவருக்கு 30, ஆல்பத்துக்கு 30. அதற்கு மேல் எழுத இடமில்லை. அறுந்தவற்றைக் கையால்தான் நிரப்பினேன்.

அதைவிடப் பெரிய தொல்லை பெயர்கள். ஒரே பாடகர் என் கணினியில் ஐந்து ஆளாக இருந்தார்: இனிஷியலுக்குப் பின் புள்ளி வைத்து, புள்ளி இல்லாமல், இடைவெளி விட்டு, ஒட்டி, கடைசியாகத் தமிழில். நமக்கு ஒரே ஆள். கணினிக்கு ஒரு புள்ளி கூடினால் வேறு ஆள். எம்பி3டேக்கில் பாடியவர் பெயர்ப்படி வரிசைப்படுத்தி, ஒருவருடைய பாட்டுகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, இடப்பக்கம் ஒரு முறை சரியான பெயரை அடித்துச் சேமித்தால் எல்லாம் ஒன்றாகிவிடும். இரண்டு ஞாயிறு இதற்கே. பட்டியல் எடுப்பவர்கள் பிரிண்டரைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் இதைச் செய்துவிடுவது நல்லது. பாட்டுக்கு ஒருவர் பாடிய ஆல்பங்கள் துண்டு துண்டாகச் சிதறாமல் இருக்க 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' என்ற தனிக் கட்டத்தில் இசையமைப்பாளர் பெயரைப் போட்டேன்.

அப்புறம் சிஎஸ்வியை எக்செல்லில் திறந்தால், அது தன் பங்குக்கு விளையாடியது. டிராக் எண் சில ஃபைல்களில் 3/12 என்று இருக்கும். பன்னிரண்டில் மூன்றாவது பாட்டு என்று அர்த்தம். எக்செல் அதைத் தேதி என்று எடுத்துக்கொண்டு டிசம்பர் 3 ஆக்கிவிட்டது. பத்துப் பாட்டு ஆல்பங்கள் அக்டோபருக்கும் பன்னிரண்டு பாட்டு ஆல்பங்கள் டிசம்பருக்கும் குடிபோய்விட்டன! சிஎஸ்வியை எக்செல் மாதிரியே இருக்கும் இலவச மென்பொருளான லிப்ரெஆபிஸ் கால்க்கில் திறந்தேன். திறக்கும்போதே எந்தக் கட்டம் எப்படி வரவேண்டும் என்று கேட்கிறது; டிராக் எண் கட்டத்தை 'டெக்ஸ்ட்' என்று சொன்னதும் ஒழுங்காக வந்தது.

பிரிண்ட் ப்ரிவியூ பார்த்தால் 139 பக்கம். யார் புரட்டுவது? பாட்டுக்கு ஒரு வரி என்பதை விட்டு ஆல்பத்துக்கு ஒரு வரி என்று மாற்றினேன்: பெயர், இசை, வருடம், ஃபோல்டர் எண். ஃபைல் அளவு, பிட்ரேட், பாட்டு நீளம் எல்லாவற்றையும் தூக்கினேன். பேப்பரில் அவற்றைப் பார்க்கப்போகிறவர் யாருமில்லை. 512 ஆல்பம், 13 பக்கம். தலைப்பு வரி ஒவ்வொரு பக்கத்திலும் திரும்ப வரும்படியும், அடியில் அச்சடித்த தேதி வரும்படியும் வைத்தேன். எழுத்தின் அளவை 12 புள்ளிக்குக் கீழே குறைக்கவில்லை, படிக்கப்போவது அப்பா.

துளை போட்டு ஒரு ஃபைலில் கோத்துக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவோடு உட்கார்ந்தவர், நான்காம் பக்கத்திலேயே ஒன்றைச் சுழித்துக் காட்டினார்.

"இது ஒன்பதாம் பக்கத்துலயும் இருக்குடா, ஸ்பெல்லிங்தான் வேற."