தோற்காதவர்களுக்கு இடமில்லையாம்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால்) 2023 டிசம்பர் கூத்தை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக அணிக்கு 13 ஆட்டத்தில் 13 வெற்றி. ஆனால் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) ஜோர்டன் டிராவிஸ் காலில் அடிபட்டு வெளியே போய்விட்டார்; அவர் இல்லாமல் அது பழைய அணி இல்லையென்று, கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுக்கு 4 அணிகளைப் பொறுக்கும் தேர்வுக்குழு கையை விரித்துவிட்டது. ஒரு ஆட்டம் தோற்ற அலபாமா உள்ளே!

அடுத்த ஆண்டு பிளேஆஃபில் 4 அணி 12 ஆனது. இரண்டு முறை தோற்ற ஒஹாயோ ஸ்டேட் கோப்பையைத் தூக்கியது (ஒரு தோல்வி சொந்த மைதானத்தில், மிச்சிகனிடம், 13-10). இதற்கும் சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு ஓகேதான். இன்னொரு தோல்வியை ஓரிகனிடம் வாங்கியதற்கு, ரோஸ் பவுல் என்ற பிளேஆஃப் காலிறுதியில் 41-21 என்று திருப்பிக் கொடுத்தார்களே!

என்னைக் கேட்டால் 16 அணி, பெரிய கான்ஃபரன்ஸ் (கல்லூரி அணிகளின் லீக்) சாம்பியன்களுக்கு நேரடி இடம், முதல் சுற்று கல்லூரி மைதானத்திலேயே. குழுவா? சரி, மிச்ச இடங்களை மட்டும் நிரப்பட்டும்.