கல்ச்சரில் ஒன்றும் இல்லை, எரிச்சல் மட்டும் போகவில்லை

சிறுநீர் போகும்போது எரிந்தால் நம் ஊரில் முதல் வைத்தியம் இளநீர், அடுத்தது பார்லி தண்ணீர். ‘உடம்புச் சூடு’ என்று ஹாஸ்டலில் வெந்தயமும் ஊறவைத்துக் கொடுத்தார்கள். எதற்கும் அடங்கவில்லை. பக்கத்து கிளினிக்கில் சிறுநீரைப் பார்த்ததில் சீழ் செல்கள் நிறைய இருந்தன. கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, மாதிரி வாங்கிக்கொண்டு, நைட்ரோஃபுரான்டாயின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையை 5 நாளுக்கு எழுதினார் டாக்டர்.

கல்ச்சரில் கிருமி எதுவும் வளரவில்லை. மாத்திரை முடிந்தும் எரிச்சல் அப்படியே இருந்தது. வெள்ளைப்படுதல் வேறு மஞ்சளாகியிருந்தது. “கல்யாணம் ஆயிடுச்சாம்மா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்ப பயப்பட ஒண்ணுமில்ல, தண்ணி நிறைய குடி” என்று சீட்டை மடித்துக் கொடுத்துவிட்டார். கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை என்பது எனக்கே தெரிந்தது. ஆனால் கதவு திறந்திருக்க, வாசலில் நாலு பேர் நிற்க, நானாக எப்படிச் சொல்வது?

அப்புறம் போனது ஒரு மகப்பேறு மருத்துவரிடம். துணைக்கு வந்த தோழியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு நேராகவே கேட்டார்: உறவு உண்டா, ஆணுறை போடுவீர்களா, உறவுக்குப் பின் ரத்தம் படுகிறதா, அடிவயிறு வலிக்கிறதா, காய்ச்சல் உண்டா. கல்யாணப் பேச்சே இல்லை. சீழ் செல் இருந்தும் கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை என்றால் உறவு வழியாகப் பரவும் கிளமிடியாவைச் சந்தேகிக்க வேண்டும் என்றார். அது உடலின் செல்லுக்குள் புகுந்து வாழும் கிருமி. சாதாரண கல்ச்சர் தட்டில் வளராது.

உள்பரிசோதனைக்குத்தான் பயந்தேன். உள்ளே விரித்துப் பார்க்கும் கருவியான ஸ்பெகுலத்தை வெந்நீரில் காட்டி, “இப்ப உள்ள வைக்கப் போறேன், வேணாம்னா சொல்லு, நிறுத்திடறேன்” என்று சொல்லிச் சொல்லித்தான் செய்தார். அழுத்தம் இருந்தது, வலி என்று சொல்ல முடியாது. கருப்பை வாயில் மஞ்சள் சளி. பஞ்சுக் குச்சி பட்டதுமே ரத்தம் கசிந்தது. பிறகு விரலால் கருப்பை வாயை அசைத்துப் பார்த்தார். வலிக்கவில்லை. தொற்று மேலே கருக்குழாய் வரை ஏறவில்லை என்பதற்கு அது நல்ல அறிகுறியாம்.

குச்சியில் எடுத்த மாதிரி, கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனைக்குப் போனது. எச்.ஐ.வி., சிஃபிலிஸுக்கு ரத்தம் எடுத்தார்கள், கர்ப்பப் பரிசோதனையும் உண்டு. கிளமிடியாவுக்கான டாக்ஸிசைக்ளின் மாத்திரை தருமுன் அது அவசியம். முடிவுக்குக் காத்திருக்கவில்லை. இதேபோல் உறவால் பரவும் கொனோரியாவுக்கு செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி ஒன்று, கிளமிடியாவுக்கு டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. தினம் இருவேளை, 7 நாள். விழுங்கியதும் படுக்கக் கூடாது, தொண்டைக்குக் கீழே புண்ணாகிவிடும். செலவுக்கு யோசிப்பவர்கள் அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்களுக்கான சுகவாழ்வு மையத்துக்குப் போகலாம். அங்கே இதற்கு அசித்ரோமைசினும் செஃபிக்ஸிமும் கொண்ட சாம்பல் நிறப் பொட்டலம் இலவசம்.

கிளமிடியாதான் என்று வந்தது. உண்மையான சிரமம் என் காதலனிடம் சொல்வதில்தான். “எனக்கு ஒண்ணுமே இல்லையே” என்றான். பலருக்கு அறிகுறியே இருக்காது, ஆனாலும் இருவரும் எடுக்காவிட்டால் திரும்ப எனக்கே வரும் என்று டாக்டர் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் முணுமுணுத்துக்கொண்டே வந்து சீட்டு வாங்கிக்கொண்டான். இருவரும் மருந்தை முடிக்கும்வரை உறவு கூடாது என்று அவனிடமும் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்கள்.

எரிச்சல் அந்த வாரமே அடங்கியது. மூன்று மாதம் கழித்து மறுபடி குச்சியில் மாதிரி கொடுத்தேன். கிருமி இல்லை.